பின்சக்கரத்தை நம்புங்கள்

1985-இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ படத்தை நேரப் பயணம் செய்யும் டெலோரியன் காருக்காகத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் நாயகன் மார்ட்டி ஏங்குவது வேறொரு வண்டிக்கு. உயரத் தூக்கிய, கறுப்பு நிற, நான்கு சக்கரமும் இழுக்கிற டொயோட்டா பிக்கப் அது. படம் முடியும்போது அவன் வீட்டுக் கொட்டகையிலேயே அது பளபளவென்று நிற்கும். அந்தக் கால அமெரிக்க இளைஞர்கள் பலருக்கும் அதுதான் கனவு வண்டி. நிஜத்தில் பலர் வீட்டு வாசலில் நின்றதோ அதன் மலிவுப் பதிப்பு. கேபின் அதேதான், எஞ்சினும் அதே குடும்பத்து 2.4 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் உடல் தாழ்ந்தது, டயர் சின்னது, விசை பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகும். டூ-வீல் டிரைவ். பெயின்டருக்கும் பிளம்பருக்கும் தோட்டக்காரருக்கும் உழைத்த இந்த வண்டிகளில் கணிசமானவை இன்னும் ஓடுகின்றன. அவற்றை மலைத்தடத்திலும் பாலைவனத்திலும் ஓடும் முரட்டு வண்டியாக மாற்றிவிட வேண்டும் என்ற ஆசையும் கூடவே ஓடுகிறது. ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் போகிற வரிசையில்தான் கோளாறு. இந்த வண்டியை வாங்கியவர் முதலில் நினைப்பது, முன்சக்கரங்களுக்கும் விசை கொடுத்து ஃபோர்-வீல் டிரைவ் ஆக்கிவிடுவதை. அந்த வழி பெரும்பாலும் நஷ்டத்தில் முடிகிறது. அதே பணத்தில் கால்பங்கைப் பின்சக்கரங்களுக்குச் செலவிட்டால், சராசரி ஆள் போகக்கூடிய தடங்களில் பெரும்பகுதிக்கு அந்த வண்டியே போதும். மிச்சமுள்ள தடங்களுக்குப் போக விரும்புகிறவர் தொழிற்சாலையிலேயே ஃபோர்-வீல் டிரைவாகப் பிறந்த பழைய வண்டியை வாங்கிக்கொள்வது நல்லது.

மாற்றுவது என்றால் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். முன்பக்கம் ஓர் ஆக்சிலை மாட்டினால் வேலை முடிந்தது என்றே வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். அமெரிக்கச் சந்தைக்கு டொயோட்டா 1979 முதல் ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப்பை அனுப்பியது. 1985 வரை அதன் முன்பக்கத்தில், லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்த ஒற்றை முழு ஆக்சில் இருந்தது. 1986 முதல் இடதும் வலதும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷனுக்கு மாறினார்கள். டூ-வீல் டிரைவ் வண்டியின் முன்பக்கம் இந்த இரண்டில் எதையும் சேர்ந்ததல்ல. அதில் விஷ்போன் கைகளையும் டார்ஷன் பாரையும் தாங்குகிற குறுக்குச் சட்டம் சேஸிஸோடு வெல்ட் செய்யப்பட்டிருக்கும். முழு ஆக்சில் வேண்டுமென்றால் அந்தச் சட்டத்தை அறுத்தெடுக்க வேண்டும், ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகளைப் புதிதாகச் செய்து பற்றவைக்க வேண்டும், ஸ்டீயரிங் பெட்டியை இடம் மாற்ற வேண்டும். விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இந்தக் கியர்பாக்ஸின் வால்பகுதியில் பொருந்தாது. அதனால் கியர்பாக்ஸும் மாறும். கியர்பாக்ஸ் மாறினால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம், கேபின் தரையில் கியர்க் கம்பிக்கான துளை, பின்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் எல்லாம் மாறும். முன் ஆக்சிலின் கிரவுன்-பினியன் விகிதமும் பின் ஆக்சிலின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே பின் ஆக்சிலும் மாறியாக வேண்டும். டூ-வீல் டிரைவ் சக்கரத்தில் ஐந்து போல்ட், ஃபோர்-வீல் டிரைவில் ஆறு. எனவே ஹப், பிரேக், ரிம் எதுவும் மிஞ்சாது. கடைசியில் மூலவண்டியில் மிஞ்சுவது கேபினும் எஞ்சினும் பதிவுச் சான்றும்தான்.

இத்தனை உதிரிப் பாகங்களையும் தனித்தனியாகத் தேடி வாங்குவது கட்டுப்படியாகாது என்பதால், மாற்றுகிறவர்கள் விபத்தில் சிக்கிய ஒரு ஃபோர்-வீல் டிரைவ் வண்டியை முழுசாக வாங்குவார்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. தேவையான அத்தனை பாகங்களும் அவை பிறந்த சேஸிஸிலேயே சரியான இடத்தில், சரியான கோணத்தில் மாட்டியிருக்கின்றன. அதையெல்லாம் கழற்றி, அவற்றுக்கென வடிவமைக்கப்படாத இன்னொரு சேஸிஸில் அறுத்து ஒட்டுவதைவிட, நல்ல நிலையில் உள்ள கேபினையும் எஞ்சினையும் தூக்கி அந்தச் சேஸிஸின் மேல் வைப்பது எளிது. அதையும்விட எளிது, ஓடுகிற நிலையில் உள்ள ஃபோர்-வீல் டிரைவ் வண்டியையே வாங்குவது. விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியலாம். ஆனால் வெல்டிங் கூலி, ஷாஃப்ட் வெட்டி பாலன்ஸ் செய்யும் செலவு, வேலை பாதியில் நின்று மாதக்கணக்கில் வண்டி மரக்கட்டை மேல் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றைச் சேர்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் அரைகுறைப் பிக்கப்புகளில் பல இப்படிப் பாதியில் நின்றவைதான்.

சரி, பின்சக்கரங்கள் இரண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? இதற்குப் பதில் சொல்ல இயற்பியல் போதும். வெற்று பிக்கப்பின் குறை அதன் எடை இருக்கும் இடத்தில் இருக்கிறது. எஞ்சினும் ஆட்களும் முன்னால், காலித் தொட்டி பின்னால். கணக்குக்காக 1,200 கிலோ வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சமதரையில் பின்சக்கரங்களின் மேல் 43 சதவீதம் எடை. முன்பின் சக்கரங்களின் இடைத்தூரம் 2.6 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.5, அதாவது சரளை கலந்த மண்பாதை. நான்கு சக்கரமும் இழுத்தால் இந்த வண்டி கொள்கையளவில் 26 பாகை ஏற்றம் வரை ஏறும். பின்சக்கரம் மட்டும் இழுத்தால் 14 பாகையைத் தொடுவதற்குள் சக்கரம் வழுக்கிச் சுழல ஆரம்பித்துவிடும். கிட்டத்தட்டப் பாதி. பின் ஆக்சிலுக்கு நேர் மேலே 200 கிலோ ஏற்றினால் 16 பாகை கிடைக்கும். அது மணல்மூட்டையாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர், எரிபொருள், கருவிகள், ஸ்டெப்னி என்று எப்படியும் எடுத்துப்போகிற சுமையாகவே இருக்கலாம். இப்போது நல்ல கட்டை கொண்ட டயரைப் போட்டு, காற்றையும் இறக்கி, உராய்வை 0.7 ஆக்க முடிந்தால் அதே பின்சக்கர வண்டி 23 பாகை ஏறும். மோசமான டயர் போட்ட ஃபோர்-வீல் டிரைவுக்கு நெருக்கமாக வந்துவிட்டது. அதே நல்ல டயரை ஃபோர்-வீல் டிரைவிலும் போட்டால் அது 35 பாகைக்குப் போய்விடுமே என்று கேட்கலாம். போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எப்போதும் முன்னால்தான் இருக்கும், அதில் விவாதமில்லை. ஆனால் 23 பாகை என்பது 100 மீட்டர் முன்னே போனால் 42 மீட்டர் உயரும் ஏற்றம். காட்டிலாகாவும் சுரங்கக்காரர்களும் போட்டுவைத்த பழைய மண்சாலைகளில் அப்படிப்பட்ட ஏற்றம் அரிது. அந்தச் சாலைகள்தான் அமெரிக்க மேற்கில் பெரும்பாலோர் விடுமுறையில் ஓட்டும் தடங்கள்.

மேலே சொன்ன கணக்கு இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால் மட்டும் பொருந்தும். சாதாரண டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்காது. திருப்பத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட அந்தச் சாதனம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுழற்ற ஏறக்குறைய விசையே தேவையில்லை. அதனால் தரையில் ஊன்றி நிற்கும் மறு சக்கரத்துக்கும் விசை வராது. வண்டி நின்றுவிடும். ஃபோர்-வீல் டிரைவுக்கும் இதே கதிதான். முன்னால் ஒரு சக்கரமும், மூலைக்கு மூலையாகப் பின்னால் ஒரு சக்கரமும் தூக்கிக்கொண்டால் நான்கு சக்கர வண்டியும் அசையாது. இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இதைத் தீர்க்கிறது. பள்ளமும் மேடுமான தடத்தில், பின் ஆக்சிலில் லாக்கர் உள்ள டூ-வீல் டிரைவ் வண்டி, லாக்கர் இல்லாத ஃபோர்-வீல் டிரைவ் மாட்டிக்கொள்ளும் இடத்தைக் கடந்துபோவது உண்டு. தானாகப் பூட்டிக்கொள்ளும் டெட்ராய்ட் லாக்கர், இருக்கிற டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ளேயே சொருகிவிடும் சிறிய வகை, ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் காற்றழுத்தத்தில் பூட்டும் ஆஸ்திரேலியத் தயாரிப்பான ஏஆர்பி என்று வகைகள் உண்டு. காசில்லாதவர்கள் உள்பல்சக்கரங்களை வெல்ட் செய்து நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். தார்ச்சாலையில் திரும்பும்போதெல்லாம் ஒரு பக்க டயர் கத்திக்கொண்டு தேயும்; ஆக்சில் ஷாஃப்டும் ஒருநாள் முறியும். லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோகிற வண்டிக்கு அது சரி. தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு வேண்டாம்.

லாக்கருக்கு எதிராக ஓர் ஆட்சேபம் உண்டு, நியாயமானதும்கூட. பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு நேராகத் தள்ளும்போது, விசையில்லாத முன்சக்கரங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கேட்காமல் முன்னோக்கியே வழுக்கும். சேற்றுச் சரிவில் பின்பக்கம் பக்கவாட்டில் இறங்கவும் செய்யும். ஆகவேதான், பணம் இருந்தால் வேண்டும்போது மட்டும் பூட்டும் வகையை வாங்கலாம் என்பது. பணம் குறைவென்றால் தானியங்கி வகையைப் போட்டு, மழைக்காலச் சேற்றுத் தடத்தைத் தவிர்க்கலாம். சுமையையும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கவிடக் கூடாது. நேர் மேலே அல்லது சற்று முன்னால் வைத்தால்தான் முன்சக்கரங்களின் பிடி குறையாது. முன் பம்பரில் கனமான வின்ச் மாட்டிக்கொள்கிறவர்கள் தவறான முனையில் எடை ஏற்றுகிறார்கள். டூ-வீல் டிரைவுக்குக் கையால் இழுக்கும் வின்ச்சும், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணல் தட்டுகளும், நல்ல இழுவைப் பட்டையும் போதும்.

எடையும் லாக்கரும் ஆனபின் டயர். காசுக்கு இத்தனை பலன் தரும் பொருள் வண்டியில் வேறில்லை. சஸ்பென்ஷனை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் பின் ஆக்சிலின் நடுக்குண்டு அதே உயரத்தில்தான் தொங்கும். பாறையில் முதலில் இடிப்பது அதுதான். அதைத் தரையிலிருந்து தூக்கக்கூடியது டயரின் விட்டம் மட்டுமே. 26 அங்குல டயருக்குப் பதில் 29 அங்குலம் போட்டால் ஒன்றரை அங்குலம் உயரும். சொல்லும்போது சின்னதாகத் தெரியும். பாறைமேல் அது பெரிய அளவு. காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 16, 18-க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து, கல்லைச் சுற்றி வளைந்து பிடிக்கும், மணலில் புதையாது. திரும்ப நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரஸர் வேண்டும், அவ்வளவுதான் செலவு. இதைச் செய்யாமல் 33 அங்குல டயருக்கு ஆசைப்பட்டு, அதற்காக மட்கார்டை அறுத்து, அறுத்தபின் ஸ்பிரிங்கைத் தூக்கி, தூக்கியபின் ஷாஃப்ட் கோணம் கெட்டு யூனிவர்சல் ஜாயின்ட் அதிர ஆரம்பித்து, ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு புதுச் சிக்கலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

உயர்த்துவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டி கவிழ்வதைக் கணிக்க அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை பயன்படுத்தும் எளிய அளவீடு, இடவல சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுப்பது. 1.4 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் என்றால் 1.17. எடைமையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் 1.0-க்கு இறங்கிவிடும். பக்கச்சரிவான தடத்தில் இந்த இழப்பு உயிர் சம்பந்தப்பட்டது. டூ-வீல் டிரைவுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: முன்சக்கர ஹப்புக்குள் விசை கடத்தும் ஷாஃப்ட் எதுவும் நுழைவதில்லை. அதனால் ஸ்டப் ஆக்சிலின் இருப்பிடத்தைத் தாழ்த்திய வேறொரு துண்டை மாட்டினால், சஸ்பென்ஷன் கைகளின் கோணம் கெடாமலேயே முன்பக்கம் சில அங்குலம் உயரும். டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்துவது இனாம்தான். ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும் தூரத்தை அது தின்றுவிடும், சவாரியும் கட்டைவண்டியாகிவிடும்.

டூ-வீல் டிரைவின் திறமைக்கு வரலாற்றுச் சான்று வேண்டுமென்றால் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்துக்குப் போக வேண்டும். 1967-இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை சுமார் 1,360 கிலோமீட்டருக்கு, பெரும்பகுதி சாலையே இல்லாத பாலைவனத்தில் முதல் வாகனப் பந்தயம் நடந்தது. பின்னாளில் பாஹா 1000 என்று பெயர்பெற்ற பந்தயம். அதில் முதலாவதாக வந்தது ஜீப் அல்ல. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தைக் குறுக்கி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் உடலை வைத்து புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற பின்சக்கர வண்டி. விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் 27 மணி 38 நிமிடத்தில் அதை ஓட்டி முடித்தார்கள். வண்டி லேசு, எஞ்சினின் எடை பின்சக்கரங்களின் மேலேயே இறங்குகிறது; மேலே போட்ட எடைக் கணக்கை அது செய்து காட்டியது. பந்தய வீரர்கள் முன்கூட்டியே தடத்தை ஓட்டிப் பார்க்கப் பயன்படுத்திய வண்டிகளிலிருந்து ‘ப்ரீரன்னர்’ என்றொரு பிக்கப் இனமே கலிஃபோர்னியாவில் பிறந்தது. ஃபோர்டு ரேஞ்சர் டூ-வீல் டிரைவ் அதற்குப் பிடித்தமான மூலப்பொருள். முன்பக்கத்தில் விசை கடத்தும் மூட்டுகள் இல்லாததால் சக்கரம் மேலும் கீழும் நெடுந்தூரம் அசையலாம். வேகமாகப் போகும்போது குழிகளை விழுங்கிவிடும். 1994-இல் தொடங்கிய ட்ராபி டிரக் வகுப்பில் பல ஆண்டுகள் ஆட்சி செய்தவையும் பின்சக்கர வண்டிகளே. நான்கு சக்கரமும் இழுக்கும் டிரக்குகள் முன்னணிக்கு வந்தது அண்மையில்தான். இந்த மோகத்தைக் கவனித்த டொயோட்டா 1998-இல் டகோமாவில் ப்ரீரன்னர் என்றே பெயர் வைத்து, ஃபோர்-வீல் டிரைவின் உயரமும் பின்சக்கர ஓட்டமும் கொண்ட பிக்கப்பைத் தொழிற்சாலையிலிருந்தே விற்றது.

பாஹா சான்றை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. அங்கே மணலும் வேகமும். வேகத்தில் வரும் வண்டி தன் உந்தத்தாலேயே பாதி தடையைத் தாண்டிவிடும். பாறைத்தடம் வேறு. அங்கே மெதுவாக, டயரை ஒவ்வொரு கல்லாக எடுத்துவைக்க வேண்டும். டூ-வீல் டிரைவுக்கு உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முன் ஆக்சில் இல்லாததைவிட, மெதுகியர் இல்லாதது பெரிய குறை. முதல் கியர் 3.95, கிரவுன் 3.73 என்றால், எஞ்சின் 14.7 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகம். டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள மெதுகியரின் 2.28 விகிதத்தையும் 4.10 கிரவுனையும் சேர்த்த ஃபோர்-வீல் டிரைவில் அந்த விகிதம் 37-ஐ எட்டுகிறது, வேகம் 3 கிலோமீட்டருக்கும் கீழே. பாறையின்மேல் இந்த இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை டூ-வீல் டிரைவ்காரர் கிளட்ச் பிளேட்டைக் கொண்டு ஈடுகட்டுவார், பிளேட் கருகும். பெரிய டயர் போட்டால் இது இன்னும் மோசமாகும். 29 அங்குல டயருக்கு 4.10 கிரவுன் மாற்றினால்தான் பழைய நிலைக்கே திரும்பலாம். அதற்கு மேலும் மெதுவாக வேண்டுமென்றால் 4.56, 4.88 என்று போகலாம்; நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும். இந்த டொயோட்டாக்களில் டிஃபரன்ஷியல் கூடு முழுசாகக் கழன்று வரும் என்பதால் விகிதமும் லாக்கரும் மாற்றிய கூட்டை ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்பது ஆறுதல். கார்புரேட்டர் எஞ்சின் செங்குத்து ஏற்றத்தில் மிதவை சாய்ந்து மூச்சுத்திணறும்; ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள 22ஆர்இ எஞ்சின் கிடைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

மெதுகியருக்கு நடுவழி ஒன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. ஃபோர்-வீல் டிரைவின் கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் மட்டும் மாட்டி, முன்பக்க ஷாஃப்டை மாட்டாமல் விட்டுவிடுவது. சேஸிஸை அறுக்க வேண்டாம், முன்சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம். பின்சக்கரங்களுக்கு மட்டும் மெதுகியர் கிடைக்கும். பின்னாளில் முன் ஆக்சிலுக்கும் மனம் போனால் இந்த வேலை வீணாகாது. ஓர் எச்சரிக்கை: மெதுகியரின் முறுக்குவிசை முழுவதும் ஒரே ஆக்சிலுக்குப் போகிறது. லாக்கர் பூட்டிய நிலையில் ஒரு சக்கரம் கல்லிடுக்கில் சிக்கியிருக்க, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஷாஃப்ட் முறியும்.

எனது வாதத்துக்கு வலுவான மறுப்பு துருவிலிருந்து வருகிறது. பனி கொட்டும் மாநிலங்களில் ஃபோர்-வீல் டிரைவுக்குக் கிராக்கி அதிகம். அங்கேதான் சாலையில் உப்பு தூவுகிறார்கள், அந்த உப்பு சேஸிஸைத் தின்கிறது. 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேஸிஸ் துருவேறியதால் 2008-இல் டொயோட்டா அவற்றைச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்க நேர்ந்தது. அரிசோனாவிலும் தென் கலிஃபோர்னியாவிலும் வெயிலில் காய்ந்த டூ-வீல் டிரைவ் சேஸிஸோ இன்றும் இரும்பாகவே இருக்கிறது. துருப்பிடித்த வண்டியிலிருந்து ஆக்சில்களையும் கியர்பாக்ஸையும் எடுத்துத் துருவில்லாத சேஸிஸில் மாட்டுவது புத்திசாலித்தனம்தானே? ஆம், முழு மாற்றத்துக்கு நியாயம் உள்ள ஒரே நிலைமை இதுதான். 1985-க்குப் பிந்தைய ஃபோர்-வீல் டிரைவ் வைத்திருப்பவர்களே முன்பக்கத்தை அறுத்து முழு ஆக்சில் போடுகிறார்கள், அறுக்கப்போகிற சேஸிஸ் எதுவானால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதிலே பாதிப் பதில் இருக்கிறது. அறுப்பது பொதுவானதுதான். ஆனால் அவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸும் கேபினின் துளையும் பின் ஆக்சிலும் ஏற்கெனவே இருக்கின்றன. டூ-வீல் டிரைவ்காரர் அதே இடத்துக்கு வர இன்னொரு பாதி வேலையைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். செய்யும் வேலையே சுகம், வெல்டிங் கற்றுக்கொள்வதே நோக்கம் என்கிறவரிடம் எனக்கு வாதமில்லை. தாராளமாகச் செய்யட்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பின்சக்கரத்தால் ஆகாத இடங்களையும் மறைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் உள்ள ரூபிகான் தடம் சுமார் 35 கிலோமீட்டர். அதன் பாறைக்குவியல்களில் லாக்கர் போட்ட டூ-வீல் டிரைவ் அடுத்தவர் வின்ச்சை நம்பித்தான் நகர வேண்டியிருக்கும். இறக்கங்களும் தொல்லை. மூக்கு கீழே நோக்கும்போது பின்சக்கரங்களின் எடை குறைகிறது. எஞ்சின் பிடித்து நிறுத்தும் விசை அந்த எடையற்ற சக்கரங்கள் வழியாகவே வருவதால் அவை வழுக்கும். பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேற்ற வேண்டும். சட்டமும் உண்டு. யூட்டாவின் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 160 கிலோமீட்டர் நீளமுள்ள ஒயிட் ரிம் சாலைக்கு மெதுகியர் கொண்ட, உயரமான ஃபோர்-வீல் டிரைவ் கட்டாயம். அங்கே ரேஞ்சரிடம் லாக்கரைக் காட்டி வாதாட முடியாது. அந்தச் சாலைதான் கனவென்றால், டூ-வீல் டிரைவை விற்றுவிட்டுத் தேடுவதைத் தவிர வழியில்லை. எந்தத் தடத்தில் ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு ஸ்பானரை எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வண்டியைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் முன் ஆக்சிலில் தொடங்குவார்கள். தடத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் டயரில் தொடங்கி லாக்கரில் முடித்துவிடுவார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பழைய பிக்கப்பின்மேல் கை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உயரத்துக்கும் புகைக்கும் வரம்புகள் இருந்தாலும் மாற்றியமைப்பது பொதுவாகக் குற்றமில்லை. இந்தியாவில் நிலைமை நேரெதிர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடுமாறு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே முன் ஆக்சில் மாற்றுவது, சேஸிஸை அறுப்பது போன்றவை இங்கே பணத்தோடு பதிவையும் காப்பீட்டையும் பறிகொடுக்கும் வழி. அதே அளவில் நல்ல கட்டை கொண்ட டயர், காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர், சிறிய கம்ப்ரஸர், பின் ஆக்சிலுக்கு மேல் கட்டிவைத்த சுமை, இழுவைப் பட்டை ஆகியவற்றுக்கு ஆர்டிஓவிடம் போக வேண்டியதில்லை. அவற்றை முதலில் வாங்குங்கள். ஒரு பருவம் அவற்றோடு ஓட்டிப் பார்த்து, அப்போதும் வண்டி நிற்கிற இடங்களில்தான் உங்களுக்கு வேலை என்றால், பிறவியிலேயே ஃபோர்-வீல் டிரைவான வண்டியை விலைபேசுங்கள்.